விற்பனை கூடக் கூடப் பணம் குறைந்தது: சமநிலைப் புள்ளி பற்றி என்னிடம் யாரும் சொல்லாதவை

ஆர்டர் இல்லாமல் தொழில் படுத்துவிடும் என்று எல்லோரும் எச்சரிப்பார்கள். ஆர்டர் நிரம்பி வழியும்போதே ஒரு தொழில் மூழ்கும் என்று என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை. அட்டைப் பெட்டி தயாரிக்கும் ஒரு சிறிய பட்டறையை நடத்துகிறேன். தொடங்கிய முதல் ஓராண்டுக்கும் மேலாக, ஒவ்வொரு மாதமும் விற்பனை ஏறியது, ஒவ்வொரு மாதமும் என் சேமிப்பு கரைந்தது. திருமணத்துக்கு முன்பிருந்தே சேர்த்து வைத்திருந்த பணத்தில் முக்கால் பங்கு அப்படிப் போனது. அது திரும்ப வரவில்லை. இதே நிலையில் இப்போது யாராவது தனியாக உட்கார்ந்து ரசீதுகளைப் புரட்டிக்கொண்டிருந்தால், அவருக்காக இதை எழுதுகிறேன். கணக்கைப் பின்தொடர எளிதாக இருக்கட்டும் என்பதற்காக, ஒரு பெட்டியின் விற்பனை விலையை 100 என்று வைத்துக்கொண்டு மற்ற எல்லாத் தொகைகளையும் அதே அளவுகோலில் சொல்கிறேன்.

கடனுக்கு விண்ணப்பித்தபோது ஓர் ஆலோசகர் திட்ட அறிக்கை தயாரித்துக் கொடுத்தார். அதில் சமநிலைப் புள்ளி மாதத்துக்கு 6,000 பெட்டி என்று தடித்த எழுத்தில் இருந்தது. அதாவது 6,000 பெட்டி விற்றால் இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை; 6,001-ஆவது பெட்டியிலிருந்து இலாபம். கணக்கு எளிமையானது. ஒரு பெட்டி செய்யக் காகிதம், பசை, தைக்கும் கம்பி, மின்சாரம், பெட்டிக்கு இவ்வளவு என்று தரும் கூலி எல்லாம் சேர்த்து 60. இவை மாறும் செலவுகள்; பெட்டி செய்தால் உண்டு, செய்யாவிட்டால் இல்லை. விலை 100-இல் அது போக மிஞ்சும் 40-ஐத்தான் பங்களிப்பு என்கிறார்கள். வாடகை, மாதச் சம்பளம், வட்டி, தேய்மானம் (இயந்திரம் பழசாவதற்காகக் கணக்கில் எழுதும் தொகை), காப்பீடு ஆகியவை ஒரு பெட்டிகூட விற்காவிட்டாலும் வந்து நிற்கும் நிலையான செலவுகள். அறிக்கைப்படி அவை மாதத்துக்கு 2,40,000. அதை 40-ஆல் வகுத்தால் 6,000. இந்த வகுத்தலில் பிழை ஒன்றும் இல்லை. வகுக்க எடுத்துக்கொண்ட இரண்டு எண்களில்தான் என் பணம் போன வழி இருந்தது.

6,000 பெட்டியைத் தாண்டிய மாதம் வீட்டில் எல்லோருக்கும் சொன்னேன். விரைவிலேயே விற்பனை 8,000-ஐத் தொட்டது. அறிக்கையின்படி பார்த்தால் 2,000 பெட்டி கூடுதல், பெட்டிக்கு 40 வீதம் மாத இலாபம் 80,000. ஆனால் மாதக் கடைசியில் கூலி கொடுக்கச் சேமிப்பைத்தான் தொட வேண்டியிருந்தது. வசூல் தாமதம், அடுத்த மாதம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அடுத்த மாதமும் அதேதான். காரணம் தெரியாமல் பணம் குறைவதைப் போல ஒரு வேதனை கிடையாது. நட்டம் என்று தெரிந்தால் அழவாவது செய்யலாம். எதிரில் வருகிறவர்கள் வாழ்த்துகிறார்கள், இயந்திரம் ஓயாமல் ஓடுகிறது, கையில் மட்டும் ஒன்றும் நிற்கவில்லை. யாரோ திருடுகிறார்களோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன். உண்மையாக உழைத்த ஆட்களை அந்தக் கண்ணோடு பார்த்ததை நினைத்தால் இப்போதும் மனம் கசக்கிறது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. "வியாபாரம் எப்படிப் போகிறது?" என்று கேட்டால் "நன்றாகப் போகிறது" என்பேன். விற்பனையைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட.

இந்த நேரத்தில் ஒரு பெரிய நிறுவனம் மாதம் 3,000 பெட்டிக்கு ஆர்டர் தர முன்வந்தது. விலையில் 10 சதவீதம் தள்ளுபடி, பணம் இரண்டு மாதம் கழித்து. என் இயந்திரம் ஒரு ஷிப்டில் 9,000 பெட்டிக்கு மேல் தாங்காது. ஆகவே இரண்டாவது ஷிப்ட் வைத்தேன். மேற்பார்வையாளர், இரவுக் காவல், கூடுதல் பராமரிப்பு என்று மாதத்துக்கு 56,000 புதிய நிலையான செலவு வந்தது. விற்பனை 11,000 பெட்டி ஆனது. அதன் பிறகு சில வாரங்களிலேயே காகித ரீல் வாங்கப் பணமில்லாமல் போனது. காகிதம் தருபவர் கடனுக்குத் தர மறுத்துத் தொலைபேசியை வைத்த அன்று இரவு, எல்லா ரசீதுகளையும் வங்கிக் கணக்கு அறிக்கையையும் தரையில் பரப்பிக்கொண்டு முதலிலிருந்து கணக்குப் போட்டேன். விடிய விடியப் போட்டும் ஓர் இரவில் முடியவில்லை.

முதலில் மாறும் செலவைப் பார்த்தேன். அறிக்கையின் 60 என்ற எண் விலைப்பட்டியல்களிலிருந்து வந்தது. ரீலில் வாங்கும் காகிதம் முழுவதும் பெட்டியாகாது. ஓரம் வெட்டி எறிவது, அச்சுப் பிசகியது, நனைந்தது என்று பெட்டிக்கு 3 போயிருந்தது. லாரி வாடகை 3. ஆர்டர் பிடித்துத் தரும் தரகருக்கு 1. திருப்பி அனுப்பப்பட்ட பெட்டிகளுக்கு 1. இதற்கிடையில் காகித விலை ஏறியதில் இன்னொரு 4. ஆக 60 என்பது 72 ஆகியிருந்தது. பங்களிப்பு 40 இல்லை, 28. செலவு ஐந்தில் ஒரு பங்குதான் கூடியது. பங்களிப்போ கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருந்தது. அந்த 28-ஐக் கொண்டு அதே 2,40,000-ஐ வகுத்தால் சமநிலைப் புள்ளி 8,571 பெட்டி. நான் இலாபம் என்று மகிழ்ந்த 8,000 பெட்டி, புள்ளிக்கு இந்தப் பக்கமே இருந்தது. ஆகவே என் முதல் வேண்டுகோள்: மாறும் செலவை விலைப்பட்டியலிலிருந்து எடுக்காதீர்கள். கடந்த மூன்று மாதங்களில் இந்த மாறும் செலவுகளுக்காக வங்கிக் கணக்கிலிருந்து உண்மையில் வெளியே போன தொகையை எடுத்து, அதே காலத்தில் வாசலைத் தாண்டிப் போய்த் திரும்பி வராத பெட்டிகளின் எண்ணிக்கையால் வகுங்கள். சேதாரம், கமிஷன், பணப் பரிமாற்றக் கட்டணம் எல்லாம் அந்த எண்ணுக்குள் தாமாகவே வந்துவிடும்.

அடுத்தது நிலையான செலவு. பட்டறையில் மாதச் சம்பளம் வாங்கும் ஒவ்வொருவரும் அந்த 2,40,000-க்குள் இருந்தார்கள், ஒருவரைத் தவிர. காலையில் கதவைத் திறந்து இரவில் பூட்டும் நான் அதில் இல்லை. உரிமையாளருக்கு இலாபம்தான் வருமானம் என்று அறிக்கை எடுத்துக்கொண்டிருந்தது. சொந்தத் தொழில் தொடங்குகிற எவரும் இந்த இடத்தில் தயவுசெய்து ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள். உங்கள் வேலைக்கு வேறொருவரை வைத்தால் என்ன கொடுப்பீர்களோ, அது செலவுதான். அதை எழுதாமல் விட்டால் அந்தச் செலவு மறைந்துவிடாது. வீட்டு வாடகையாகவும் பிள்ளைகளின் படிப்புக் கட்டணமாகவும் சேமிப்பிலிருந்து போய்க்கொண்டே இருக்கும். எனக்கு அப்படித்தான் போனது. மாதம் 40,000 என்று அடக்கமாகவே வைத்தேன். நிலையான செலவு 2,80,000 ஆனது. 28-ஆல் வகுத்தால் 10,000 பெட்டி.

அதோடு முடியவில்லை. கடன் தவணையில் வட்டி மட்டும்தான் செலவுக் கணக்கில் வரும். அசலைத் திருப்பிக் கட்டுவது கணக்குப் புத்தகத்தின்படி செலவே அல்ல. கடன் குறைகிறது, அவ்வளவுதான். ஆனால் மாதம் 58,000 வங்கிக்குப் போவது உண்மை. மறுபக்கம், தேய்மானம் என்று எழுதும் 30,000 செலவுக் கணக்கில் இருக்கும், கையைவிட்டுப் போகாது. ஆகவே பணக் கணக்கில் சமநிலை எங்கே என்று பார்க்க 2,80,000-இலிருந்து 30,000-ஐக் கழித்து 58,000-ஐக் கூட்ட வேண்டும். 3,08,000. அதை 28-ஆல் வகுத்தால் 11,000 பெட்டி. தேய்மானத்தை ஒரேயடியாக மறந்துவிடவும் கூடாது, இயந்திரம் ஒருநாள் மாற்றப்பட்டே தீரும். ஆனால் இந்த மாதம் கூலி கொடுக்க முடியுமா என்ற கேள்விக்குப் பதில் இரண்டாவது கணக்கில்தான் இருக்கிறது. கணக்குப் புத்தக சமநிலை ஒன்று, பணச் சமநிலை மற்றொன்று என்று இரண்டு புள்ளிகள் இருப்பதை அந்த வயதில், அந்த இரவில்தான் அறிந்தேன்.

11,000 என்ற எண்ணை எழுதிவிட்டு நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஷிப்டில் என் இயந்திரத்தின் உச்சமே 9,000. ஒரு பெட்டிகூட மிச்சமில்லாமல் விற்றாலும், ஒரு நாள்கூடப் பழுதாகாமல் ஓடினாலும், இந்த விலையில் இந்தச் செலவில் என் பட்டறை பணச் சமநிலையைத் தொடவே முடியாது. 8,000 பெட்டி விற்று மாதம் 80,000 இலாபம் என்று காகிதம் சொன்ன காலத்தில், என் சம்பளத்தையும் சேர்த்துப் பார்த்தால் மாதம் 84,000 துண்டு விழுந்துகொண்டிருந்தது. கோபம் வந்தது, அழுகை வந்தது. கூடவே, சொல்லத் தயக்கமாக இருந்தாலும், பெரிய நிம்மதியும் வந்தது. யாரும் திருடவில்லை. சமநிலைப் புள்ளியைக் கண்டுபிடித்தவுடன் அதைப் பக்கத்திலேயே இருக்கும் இன்னோர் எண்ணோடு, உங்கள் உற்பத்தித் திறனோடு, ஒப்பிட்டுப் பாருங்கள். சேவைத் தொழிலானால் உங்கள் கையில் இருக்கும் மணி நேரங்களோடு ஒப்பிடுங்கள். புள்ளி திறனுக்கு வெளியே இருந்தால், அதிகம் உழைப்பது தீர்வாகாது.

இப்போது அந்தப் பெரிய ஆர்டருக்கு வருகிறேன். இரண்டாவது ஷிப்டோடு 11,000 பெட்டி விற்றபோது சமநிலைக்கு வந்திருக்க வேண்டாமா என்று தோன்றும். வரவில்லை. 90 விலையில் 72 செலவு போனால் பங்களிப்பு 18. 3,000 பெட்டிக்கு 54,000. அதற்காக ஏற்றுக்கொண்ட புதிய நிலையான செலவு 56,000. மாதம் 3,000 பெட்டி கூடுதலாகச் செய்து 2,000 கூடுதலாக இழந்தேன். 10 சதவீதத் தள்ளுபடி என்று காதில் விழும்போது சிறியதாகத்தான் இருக்கிறது. ஆனால் அது விலையிலிருந்து போவதில்லை, பங்களிப்பிலிருந்து போகிறது. 28-இல் 10 போவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். பங்களிப்பு 40 இருக்கும் பொருளுக்கு 10 தள்ளுபடி கொடுத்தால், பழைய இடத்திலேயே நிற்க 33 சதவீதம் கூடுதலாக விற்க வேண்டும். 25 இருக்கும் பொருளுக்கு 67 சதவீதம். தள்ளுபடி கேட்பவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது இந்தக் கணக்கைப் போட முடியாது; முன்கூட்டியே போட்டு ஓர் அட்டையில் எழுதி மேசை இழுப்பறையில் வையுங்கள். நான் வைத்திருக்கிறேன்.

நிலையான செலவு என்ற பெயரும் பலரை ஏமாற்றுகிறது. அது ஓர் எல்லைவரைதான் நிலையானது. எல்லையைத் தாண்டும் முதல் பெட்டிக்காகவே இன்னொரு ஷிப்ட், இன்னொரு கிடங்கு, இன்னொரு மேற்பார்வையாளர் என்று ஒரு படி ஏறுகிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தொழிற்பொறியியல் கற்பித்த வால்டர் ரௌட்டன்ஸ்ட்ராக் 1930களில் பரவலாக்கிய சமநிலை வரைபடத்தில் செலவும் வரவும் நேர்கோடுகளாகப் போய் ஒரு புள்ளியில் வெட்டிக்கொள்ளும். அழகான படம். ஒரு குறிப்பிட்ட உற்பத்தி அளவுக்குள் மட்டுமே அந்தக் கோடுகள் நேராக இருக்கும் என்பதைப் படத்தோடு சேர்த்தே மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். படி ஏறிய பிறகு புள்ளி வேறு இடத்துக்குப் போய்விடுகிறது. ஏறுவதற்கு முன்பே புது இடம் எது என்று பார்த்துவிட வேண்டும்.

என்னை உண்மையில் முறித்தது அந்த 2,000 நட்டமும் அல்ல, இரண்டு மாதக் கடன். பெட்டி அனுப்பிய அன்றே அது விற்பனையாகக் கணக்கில் ஏறிவிடுகிறது. ஆனால் 3,000 பெட்டிக்கான காகிதமும் கூலியும் மாதம் 2,16,000. முதல் பணம் வருவதற்குள் இரண்டு மாதம் போனதால் 4,32,000 என் கையிலிருந்து போய் வெளியே நின்றது. சமநிலைப் புள்ளி எவ்வளவு சரியாகப் போட்டாலும் இதைச் சொல்லாது, ஏனென்றால் அதில் காலம் என்ற ஒன்றே கிடையாது. கடனுக்கு விற்கும் தொழிலில், விற்பனை கூடினால் எவ்வளவு பணம் வெளியே போய் நிற்கும் என்பதைத் தனியாக எழுதிப் பார்க்காமல் எந்த ஆர்டருக்கும் சம்மதிக்காதீர்கள். போட்ட முதலீடு எப்போது திரும்பும் என்பதும் வேறொரு கேள்வி. சமநிலையைத் தொட்ட பிறகு அந்த முதலீடு திரும்பத் தொடங்கலாம், அவ்வளவுதான்.

பிறகு செய்தவற்றைச் சொல்கிறேன். பெரிய ஆர்டரை ஒப்பந்தக் காலம் முடிந்ததும் நிறுத்தினேன், இரண்டாவது ஷிப்டும் நின்றது. ஆட்களை அனுப்ப வேண்டியிருந்தது. அது பற்றி அதிகம் எழுத என்னால் முடியவில்லை. வங்கியிடம் கணக்கைக் காட்டித் தவணைக் காலத்தை நீட்டிக்கக் கேட்டேன். வட்டி மொத்தத்தில் கூடும் என்று தெரிந்தே கேட்டேன். அசல் தவணை 58,000-இலிருந்து 30,000 ஆனது. தவணை தவறிய பிறகு போயிருந்தால் வேறு மாதிரிப் பேசியிருப்பார்கள். தவறுவதற்கு முன் கணக்கோடு போனதால் உட்கார வைத்துக் கேட்டார்கள். பாதி காலியாகவே கிடந்த இன்னொரு கிடங்கை விட்டதில் மாதம் 21,000 மிஞ்சியது.

விலையில் கைவைக்கத்தான் மிகவும் பயந்தேன். வாடிக்கையாளர்கள் போய்விடுவார்கள் என்ற பயம். கணக்குதான் துணிச்சல் தந்தது. 8,000 பெட்டி, பங்களிப்பு 28 என்றால் மொத்தம் 2,24,000. சராசரியாக 7 ஏற்றிப் பங்களிப்பை 35 ஆக்கினால், அதே 2,24,000-க்கு 6,400 பெட்டி போதும். அதாவது 1,600 பெட்டிக்கான வாடிக்கையாளர்கள் போனாலும் நான் பழைய இடத்திலேயே இருப்பேன். இந்த எண் கையில் இருந்ததால் பேசும்போது குரல் நடுங்கவில்லை. சிலர் போனார்கள். விற்பனை 7,600-க்கு வந்து நின்றது.

எல்லாப் பெட்டிக்கும் ஒரே அளவு ஏற்றவில்லை. இதில் நான் எதிர்பாராத ஒன்று இருந்தது. பல அளவுகளில் பொருள் செய்பவர்களுக்கு ஒரே பங்களிப்பு என்பது கிடையாது; ஒவ்வொன்றுக்கும் தனி, விற்கும் விகிதம் மாறினால் சராசரியும் சமநிலைப் புள்ளியும் மாறும். எனக்கு அதிகப் பங்களிப்பு தந்தது ஒரு சிறிய, அச்சிட்ட பெட்டி: 45. சாதாரணப் பெட்டி 24 மட்டுமே. 45-ஐத்தான் நிறையச் செய்ய வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் அந்தச் சிறிய பெட்டி தைக்கும் இயந்திரத்தில் 3 நிமிடம் எடுத்தது, சாதாரணப் பெட்டி 1 நிமிடம். பட்டறையில் எல்லா வேலையும் அந்த ஓர் இயந்திரத்தின் முன்தான் காத்துக் கிடந்தது. நிமிடக் கணக்கில் பார்த்தால் சிறியது 15, சாதாரணமானது 24. ஆகவே சிறிய பெட்டியின் விலையைத்தான் அதிகம் ஏற்றினேன். உங்கள் தொழிலில் எது தட்டுப்பாடோ, இயந்திர நேரமோ, திறமையான ஒருவரின் நேரமோ, இடமோ, அந்த ஓர் அலகுக்கு எவ்வளவு பங்களிப்பு என்று பாருங்கள். இதை அறிந்த பிறகு எந்த ஆர்டரை முதலில் ஓட்டுவது என்ற தினசரித் தகராறுகூடக் குறைந்தது.

இன்று பணச் சமநிலை 2,59,000-ஐ 35-ஆல் வகுத்தால் வரும் 7,400 பெட்டி. விற்பது 7,600. 200 பெட்டி வித்தியாசம், மாதம் 7,000 மிச்சம், அதுவும் என் சம்பளம் போக. இந்த வித்தியாசத்தைப் பாதுகாப்பு எல்லை என்கிறார்கள். எனக்கு அது 3 சதவீதம்கூட இல்லை. புள்ளிக்கு இவ்வளவு அருகில் இருக்கும்போது விற்பனை 1 சதவீதம் சரிந்தால் மிச்சம் 38 சதவீதம் சரியும். ஆகவே மாதம் பிறந்ததும் மூன்று எண்களைப் புதிதாகப் போடுகிறேன்: உண்மையான பங்களிப்பு, பணமாக வெளியே போகும் நிலையான செலவு, இரண்டும் தரும் புள்ளி. காகித விலை மாறினால் மாத நடுவிலும் போடுகிறேன். அரை மணி நேரத்துக்கு மேல் ஆவதில்லை. சொந்த லாரி வாங்கச் சொல்கிறார்கள். அது பெட்டிக்கு 3 என்ற மாறும் செலவை மாதத் தவணையாக்கிப் புள்ளியை உயர்த்தும் என்பதால், எல்லை அகலமாகும் வரை வேண்டாம் என்று வைத்திருக்கிறேன்.

சென்ற மந்தமான மாதத்தில் ஒரு நிறுவனம் 1,000 பெட்டியை 78 விலைக்குக் கேட்டது. பழைய அறிக்கையை மட்டும் வைத்திருந்தால் என்ன செய்வதென்று தெரிந்திருக்காது. இயந்திரம் சும்மா நின்ற நாட்கள் அவை; புதிய ஆளோ ஷிப்டோ தேவையில்லை; மாறும் செலவு 72 போக 6 மிஞ்சும்; பணமும் உடனே. அப்படி வரும் 6,000, வாடகையில் ஒரு பகுதிக்காவது உதவும் என்பதால் எடுத்துக்கொண்டேன். இந்த விலை இந்த ஒரு தடவைக்கு மட்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டேன், ஏனென்றால் இதே விலைக்கு எல்லோரும் கேட்கத் தொடங்கினால் நிலையான செலவைத் தாங்க எதுவும் மிஞ்சாது. 71-க்குக் கேட்டிருந்தால் இயந்திரத்தை நிறுத்தியே வைத்திருப்பேன்.